ஏரிக்குக் கண் பரிசோதனை

சகலை வந்து இறங்குவதற்குள் சேர்மனைப் பிடித்தே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவெடுத்தார். காலையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு. பெரிய முடிவுகளையெல்லாம் அவர் சாப்பாட்டு மேஜையில்தான் எடுப்பது வழக்கம். மற்ற இடங்களில் எடுப்பதற்கு மனைவி இருந்தாள்.

சேர்மன் என்பது ஒரு கெண்டை மீன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஏரியில் வெகுகாலமாகக் குடியிருப்பது. அது இருப்பது எல்லாருக்கும் தெரியும், வேலை செய்து யாரும் பார்த்ததில்லை, இடத்தைக் காலி செய்யும் எண்ணமும் அதற்குக் கிடையாது. அதனால் அந்தப் பெயர் வந்தது.

போன வருஷம் விடுமுறைக்கு வந்த சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், அதுவரை தூண்டிலைத் தொட்டே அறியாதவர். "இதை எப்படிப் பிடிக்கணும், சகலை?" என்று கேட்டு வாங்கினார். பதில் வருவதற்குள் ஒரு கெண்டையை இழுத்துக் கரையில் போட்டுவிட்டார். சேர்மன் இல்லை, சேர்மனின் உதவியாளர் என்று சொல்லலாம். ஆனாலும் போட்டோவில் பெரிதாகத்தான் விழுந்தது. அதைச் சட்டம் போட்டு மனைவியின் அக்கா அனுப்பிவைக்க, மனைவி சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். சகலை குளியலறை டைல்ஸ் வியாபாரி. படத்தில் அவருடைய பல்லும் டைல்ஸ் பதித்த மாதிரியே பளபளத்தது. ஒரு வருஷமாக அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணாடிக்கடைக்காரர் ரொட்டியை மென்று விழுங்குகிறார்.

வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு சகலை மறுபடி வருகிறார். அதற்குள் சேர்மன் கரையேற வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். பல் சுவரை விட்டு இறங்க வேண்டும். அவருடைய கோரிக்கை அவ்வளவுதான்.

ஏரி என்றால் கடல் மாதிரி கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் செங்கல் சூளைக்காக மண் வெட்டிய பள்ளம். சூளை மூடியது, மழை நிறைத்தது, சுற்றி ஐந்து வீடு வந்தது. அந்த ஐந்து வீட்டுக்கும் ஏரி பொதுச் சொத்து. கமிட்டி ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் அதற்குச் செயலாளர். எதிர்க்கரையிலிருக்கும் பாட்டு டீச்சர் பொருளாளர். தண்ணீரின் தரத்துக்குப் பொறுப்பு கண்ணாடிக்கடைக்காரர். ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவர் ஏரியையும் சோதித்துவிட்டுப் போகட்டும் என்று கொடுத்துவிட்டார்கள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு தட்டு, கால்வாசி கறுப்பு, கால்வாசி வெள்ளை என்று மாற்றி மாற்றி வண்ணம் பூசியது. நடுவில் கயிறு. சனிக்கிழமைதோறும் ஐந்து வீட்டாரும் கரையிலிருந்து நீளும் பலகைத் துறையில் கூடுவார்கள். கண்ணாடிக்கடைக்காரர் தட்டைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குவார். கயிற்றில் கட்டியிருக்கும் சிவப்பு நூல் தண்ணீரைத் தொடும்வரை தட்டு கண்ணுக்குத் தெரிந்தால் குளிக்கலாம். அதற்கு முன்பே மறைந்துவிட்டால் ஏரிக்கு விடுமுறை. ஒரு வருஷம் பாசி மண்டி, குளித்தவர்களெல்லாம் ராத்திரி பகலாக உடம்பைச் சொறிந்துகொண்டு அலைந்த பிறகு வந்த விதி இது. இதற்காகக் கூடிய கமிட்டிக் கூட்டத்தில்தான் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்று, "மூடின ஏரியைத் திறக்கும்போது அளந்தவரே முதல்ல இறங்கணும். பொறுப்புன்னா அதுதான் பொறுப்பு," என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. அதன் பிறகு ஏரியை மூடவே நேரவில்லை என்பதால் அந்த விதியை அவர் சுத்தமாக மறந்துபோனார். ஏரியில் அவர் கால் நனைத்ததும் கிடையாது. குளிர்ந்த தண்ணீருக்கும் அவருக்கும் ஆகாது.

சேர்மனைப் பிடிப்பதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. விடிந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் சேர்மன் மேலே வரும். அதே நேரத்துக்குத்தான் மனைவியும் குளிக்க இறங்குவாள், பாட்டு டீச்சரும் பேக்கரிக்காரர் மனைவியும் துணைக்கு வர. மூன்று பேரும் நீந்தினால் முப்பது பேர் நீந்திய சத்தம் கேட்கும். பாட்டு டீச்சர் நீந்தும்போது சாதகம் வேறு செய்வார். அந்த நேரத்தில் சேர்மன் மட்டுமல்ல, தவளைகூடத் தலை காட்டாது.

மனைவியிடம் அவர் நயமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஒரு ரெண்டு வாரம் சாயங்காலம் குளிச்சா என்ன?"

"சாயங்காலம் எனக்கு கிளாஸ் இருக்கே."

"அப்ப வீட்லயே குளிக்கலாமில்ல? ஷவர்தான் இருக்கே."

"ஷவர்ல நீந்த முடியுமாங்க?"

"முடியாதுதான்."

"முடியாதில்ல. காபி ஆறுது பாருங்க."

மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் இவள் உட்கார்ந்திருப்பாள், இவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எதிரே லாரி வந்தாலும் கத்த மாட்டாள். தப்பு முழுதாக முற்றும்வரை பொறுமையாக விட்டு, கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து, "இப்ப புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பாள். வீட்டு வண்டியைத் தான்தான் ஓட்டுவதாகக் கண்ணாடிக்கடைக்காரர் கல்யாணமான நாள் முதல் நம்பிக்கொண்டிருக்கிறார்.

நயம் பலிக்கவில்லை. இனி நுட்பம்தான் என்று அவர் தீர்மானித்தார். நுட்பம் வெள்ளிக்கிழமை கடையில், ஒரு வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது உதித்தது. பலகை பழையது. வெள்ளை மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. "கீழ் வரிசை தெரியலைங்க," என்றார் வாடிக்கையாளர். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு பலகையில்தான்.

அன்று மாலை மனைவி கிளாசுக்குப் போனதும் அவர் காரியத்தில் இறங்கினார். செருப்பு அலமாரியில் ஒரு பழுப்பு பாலிஷ் டப்பா கண்ணில் பட்டது. தட்டின் வெள்ளைப் பகுதியில் அதைத் தொட்டுத் தடவி, கண்ணாடி துடைக்கும் துணியால் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்த்தார். பழுப்பு தனியாகத் தெரியாமல், வருஷக்கணக்காகத் தண்ணீரில் கிடந்து வெள்ளை தானாகவே களைத்துப்போன தோற்றம் வந்தது. கைவேலையைத் தள்ளி வைத்துப் பார்த்து, அவரே மெச்சிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிக்கடைக்காரர் பொய் பேசாதவர். இதிலும் அவர் பொய் பேசப்போவதில்லை. தட்டு மறைந்தால் மறைந்தது என்றுதான் சொல்லப்போகிறார். பேசப்போவது தட்டு. இப்படி மனசாட்சிக்கு வாய்தா வாங்கிக்கொண்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை துறையில் எல்லாரும் கூடினார்கள். கயிற்றை இறக்கினார். சிவப்பு நூல் இன்னும் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தட்டு காணாமல் போய்விட்டது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். தன் நேர்மையில் அவருக்கே ஒரு கணம் கண் கலங்கியது. பேக்கரிக்காரர் குனிந்து பார்த்து, தனக்கும் தெரியவில்லை என்றார். பாட்டு டீச்சர் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, போன வாரம்கூடத் தண்ணீர் நன்றாகத்தானே இருந்தது என்று வருத்தப்பட்டார்.

"தண்ணியை நம்ப முடியாதுங்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "கண்ணு மாதிரிதான். திடீர்னு மங்கும்."

மனைவி தட்டை அவர் கையிலிருந்து வாங்கி, ஈரம் போகத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். துண்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நல்லவேளை நீங்க பார்த்துச் சொன்னீங்க," என்றாள். "இல்லைன்னா எங்களுக்குத்தான் உடம்பு அரிச்சிருக்கும்."

அன்றே 'குளிக்கக் கூடாது' என்று ஒரு போர்டு எழுதித் துறையில் நட்டார். எழுத்து அச்சடித்த மாதிரி வந்திருந்தது.

ஞாயிறு விடியலில் ஏரி அமைதியாகக் கிடந்தது. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார் கண்ணாடிக்கடைக்காரர். தண்ணீர்ப் பளபளப்பைத் தடுக்கும் தன் மீன்பிடிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பன் துண்டை உருட்டி முள்ளில் குத்தி, பேக்கரிக்காரர் வாத்துகளுக்காகத் தினமும் பழைய பன்னைக் கொட்டும் மூலையில் வீசினார். அந்த மூலைதான் சேர்மனின் சாப்பாட்டு அறை என்பது அவருடைய பல மாத ஆராய்ச்சி. தக்கை அசைந்தது. தண்ணீரில் ஒரு பெரிய வட்டம் எழுந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் தபதபவென்று காலடிச் சத்தம். மூன்று பெண்கள், முழங்காலுக்கு மேல் ஏறிய ரப்பர் பூட்ஸ், கையில் தோட்டத்துக் கம்பி வாரிகள். முன்னால் வந்தவள் மனைவி. வந்த வேகத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். தக்கை நின்றது. வட்டம் கலைந்தது.

"என்ன பண்றீங்க?" என்றார் அவர்.

"களை எடுக்கிறோம். தண்ணி கெட்டுப்போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இறங்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கேனே."

"குளிக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கீங்க. நாங்க குளிக்கலையே."

"அதுக்கு இப்படிச் சத்தமா?"

"பாட்டோட இழுத்தாத்தான் எல்லாரும் ஒண்ணா இழுக்க வருதாம். டீச்சர் சொல்றாங்க."

டீச்சர் சொன்னதோடு நிற்கவில்லை, ஆரம்பித்தும் விட்டார். நீந்தும்போதாவது வாயில் தண்ணீர் போய் நடுநடுவே ஓய்வு கிடைக்கும். இப்போது அந்த ஓய்வும் போய்விட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் அசரவில்லை. ஒரு நாள் கூத்து, நாளைக்கு இடுப்பு வலிக்கும், தானாக நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார். மறுநாள் வலித்தது உண்மைதான். வலித்தது அவருடைய இடுப்பு. தண்ணீரின் தரத்துக்குப் பொறுப்பானவர் கரையில் சும்மா நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று மனைவி அக்கறையோடு கேட்டு, அவர் கையிலும் ஒரு வாரியைக் கொடுத்துவிட்டாள். பெண்கள் இழுத்துப் போட்ட களையைக் கரையில் வாரிக் குவிப்பது அவர் வேலை. அதன் பிறகு தினமும் கடைக்குப் போகுமுன் ஒரு மேடு குவித்துவிட்டுத்தான் போனார். கையெல்லாம் சேறு வாசனை. கடையில் கண்ணாடிச் சட்டங்களை மாட்டிப் பார்க்க வந்த ஒரு பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டே கண்ணாடி தேர்ந்தெடுத்தார்.

அடுத்து பன். ஒரு மாலை கமிட்டி கூடியபோது மனைவி எழுந்து, வாத்து தின்றது போக மிச்ச பன்னெல்லாம் அடியில் போய் ஊறி அழுகுவதையும், அதுதான் பாசிக்கு உரமாவதையும் எடுத்துச் சொன்னாள். பேக்கரிக்காரர் தலை குனிந்தார். அவருக்கு அது யோசனையே இல்லையாம், வாத்து சந்தோஷப்படுகிறதே என்று கொட்டினாராம். கடைசியில் எல்லாரும் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். பொறுப்பாளர் என்ன சொல்கிறார்?

பொறுப்பாளர் என்ன சொல்வார்? பன் நின்றால் சேர்மனின் சாப்பாட்டு அறை காலி. சேர்மன் வேறு இடம் பார்த்துப் போய்விடும். ஆனால் மனைவி சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. "நியாயம்தான்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்புறம் இன்னொண்ணு," என்றாள் மனைவி. "தண்ணி சரியில்லாதப்ப மீனுக்கே மூச்சு முட்டிக் கிடக்கும். அதுல போய் முள்ளு வேற போட்டுத் தொந்தரவு பண்ணணுமா? திறக்கற வரைக்கும் தூண்டிலும் வேணாமே."

அவர் அவசரமாக, தூண்டிலுக்கும் தண்ணீருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்று ஆரம்பித்தார்.

"தண்ணி அவ்வளவு மோசமில்லைங்கறீங்களா?" என்று கேட்டாள் மனைவி. கேள்வியில் கிண்டல் துளிகூட இல்லை. கேட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோசம்தான்," என்றார் அவர்.

"அப்ப சரி," என்றாள். அவருடைய தூண்டில் அன்றே டிரைவிங் ஸ்கூல் காரின் டிக்கிக்குள் போய்ச் சேர்ந்தது. வீட்டில் இருந்தால் அவருக்குக் கை துறுதுறுக்குமாம். பத்திரமாக இருக்கட்டுமாம்.

வெள்ளிக்கிழமை வாக்கில் நிலவரம் இப்படி இருந்தது. குளியல் நின்றது, சத்தம் கூடியது. அமைதி வேண்டி ஏரியை மூடியவருக்கு அமைதியும் இல்லை, பன்னும் இல்லை, தூண்டிலும் இல்லை. சகலை நாளை மறுநாள் வருகிறார். சுவரில் பல் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் கண்ணாடிக்கடைக்காரர் எதற்கும் கலங்குகிறவர் அல்ல. மூடத் தெரிந்தவருக்குத் திறக்கத் தெரியாதா? நாளைக்குத் தட்டு பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே. ஏரி திறக்கும், தூண்டில் டிக்கியை விட்டு வரும், ஞாயிறு விடியலில் எல்லாரும் சகலைக்கு விருந்து தயாரிப்பதில் மும்முரமாக இருக்கும்போது இவர் சேர்மனோடு தனியாக இருப்பார். கவிழ்ந்த திட்டத்தைத் திருப்பி வைத்தால் அதுவே முன்னைவிட நல்ல திட்டமாக அவருக்குத் தெரிந்தது.

மனைவி கிளாசுக்குப் போனதும் தட்டை எடுத்துத் தேய்த்தார். சோப்பு போட்டுத் தேய்த்தார். பாத்திரம் கழுவும் நார் போட்டுத் தேய்த்தார். கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் திரவத்தை ஒரு புட்டி முழுக்கக் கவிழ்த்தார். பாலிஷ் பெயிண்டுக்குள் நன்றாக இறங்கிவிட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பழுப்பு பரவியதே தவிரப் போகவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டதும் தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர்போலப் பேப்பர் படித்தார். மனைவிக்கு வீட்டைச் சுற்றி ஏதோ வேலை இருந்தது. அவர் தூங்கப் போகும்போதும் அவள் வரவில்லை.

காலையில் துறையில் தட்டைக் கையில் எடுத்தவர் திகைத்துப்போனார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சலவை செய்த வேட்டி மாதிரி இருந்தது. லென்ஸ் திரவம் ராத்திரி முழுக்க ஊறி வேலை செய்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்தக் கம்பெனி சரக்கை இனிமேல் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டார்.

தட்டை இறக்கினார். சிவப்பு நூல் தண்ணீரைத் தொட்டது, மூழ்கியது, காணாமலும் போனது. தட்டு அடிமண்ணில் போய் உட்கார்ந்து அங்கிருந்தும் அவரைப் பார்த்தது. இது தட்டின் வேலை மட்டுமல்ல. களை போய், பன் போய், ஏரி உண்மையிலேயே தெளிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அடியிலிருக்கும் பழைய செங்கல்லை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. பேக்கரிக்காரர் கைதட்டினார். பாட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் பொறுப்பாளர் மட்டும் சமயத்தில் மூடியிராவிட்டால் இந்த ஏரி என்ன கதியாகியிருக்கும் என்று எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் அடக்கமாகப் புன்னகைத்தார். ஏரியைக் காப்பாற்றியது தான்தான் என்று அவருக்கே அப்போது தோன்ற ஆரம்பித்திருந்தது.

"அப்ப தூண்டிலை எடுத்துக்கலாமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"எடுத்துக்கலாமே. முதல்ல நீங்க இறங்கணும்."

"எங்க?"

"ஏரிக்குள்ளதான். மூடின ஏரியைத் திறந்தா அளந்தவரே முதல்ல இறங்கணும்னு நீங்க கொண்டுவந்த விதிதான? எவ்வளவு பெரிய வார்த்தை. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. பேக்கரிக்காரர் அந்தப் பேச்சை வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"இப்பவேவா?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். குரல் சற்று இறங்கியிருந்தது.

"இப்ப வேணாம். நாளைக்கு அக்காவும் அத்தானும் வந்துடட்டும். திறப்பு விழா மாதிரி வெச்சுக்கலாம். நீங்க இறங்கிப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னதுக்கப்புறம் குளியல், தூண்டில் எல்லாம்."

ஞாயிறு காலை துறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சகலை வந்திருந்தார், பல்லோடு. பேக்கரிக்காரர் கேக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் அரைக்கால் சட்டையும், மீன்பிடிக் கண்ணாடியும், முகத்தில் ஒரு பெருமிதமும் அணிந்து படியில் நின்றார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் படியே தெரியாது. பெருமிதம் இல்லாவிட்டால் கால் நகராது.

"பார்த்து இறங்குங்க, சகலை," என்றார் சகலை, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

முதல் படியில் கால் மரத்தது. இரண்டாவது படியில் பெருமிதம் மரத்தது. இடுப்புவரை இறங்கியபோது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பாட்டு டீச்சர் அதற்குச் சுருதி சொன்னார். மார்புவரை இறங்கி, கைகளை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். தண்ணீர் எப்படி என்று கேட்டார்கள். பிரமாதம் என்றார், பல் கிட்டிக்கொண்டே. கைதட்டினார்கள். திரும்பி ஏறலாம் என்று குனிந்து படியைத் தேடியவர் அப்படியே நின்றுவிட்டார்.

காலடியில் சேர்மன் வந்துகொண்டிருந்தது.

சந்தேகமே இல்லை. பாசிமூடிய முதுகு, பித்தளைக் கவசம் போலச் செதில், இருபுறமும் தொங்கும் மீசை. இவ்வளவு தெளிந்த தண்ணீரில், அந்தக் கண்ணாடி வழியாக, மீசையைக்கூட எண்ணலாம்போல இருந்தது. பன் இல்லாத வாரத்தால் பசித்துப்போயிருந்த சேர்மன், பழைய சாப்பாட்டு அறையை விட்டுத் துறையடிக்கு ஜாகை மாற்றியிருந்தது. அவருடைய கால் கட்டைவிரலை வந்து மெல்ல முகர்ந்தது. ஒரு வருஷக் கனவு ஒரு முழ தூரத்தில் நிற்கிறது, கையிலோ காற்றுதான் இருக்கிறது.

"சேர்மன்," என்று கிசுகிசுத்தார். "இங்கதான் இருக்காரு. தூண்டிலை எடு. சீக்கிரம் குடு."

மனைவி நாற்காலிக்குப் பின்னாலிருந்து தூண்டிலை எடுத்தாள். டிக்கியிலிருந்து அது எப்போது வந்தது என்று கேட்க அவருக்கு அப்போது தோன்றவில்லை. கேக்கில் ஒரு ஓரத்தைக் கிள்ளி உருட்டி முள்ளில் குத்தினாள்.

"குடு," என்று கையை நீட்டினார் அவர்.

"அசையாதீங்க. நீங்க அசைஞ்சா தண்ணி கலங்கிடும், அதுவும் ஓடிடும். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"குடுன்னு சொல்றேன்ல."

"ஓடிடப்போகுதுங்க."

அது உண்மை. சேர்மன் விரலைவிட்டு விலகத் தொடங்கியிருந்தது. போய்விட்டால் இன்னொரு வருஷம். கண்ணாடிக்கடைக்காரர் துடித்துப்போனார்.

"இடது பக்கம்," என்றார். "இன்னும் கொஞ்சம் இடது. முன்னால போகாதே. மெதுவா, மெதுவா. அங்கேயே நிறுத்து."

வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவி அவர் சொன்னபடியெல்லாம் ஓட்டினாள். சேர்மனின் மூக்குக்கு நேராகக் கேக் துண்டு வந்து நின்றது. சேர்மன் அதைப் பார்த்தது. பேக்கரிக்காரரின் கைவண்ணத்தைப் பார்த்துப் பழகிய மீன், வாயைத் திறந்தது.

கோல் வளைந்தது. மனைவி பதறவில்லை. விட வேண்டிய நேரத்தில் விட்டு, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்து, சேர்மனை ஏரி முழுக்க ஒரு சுற்று ஓட்டிக் களைக்கவைத்து, அவர் நிற்கும் இடத்துக்கே கொண்டுவந்தாள். "வலையைப் பிடிங்க," என்றாள். யாரோ கைவலையை நீட்டினார்கள். நடுங்கிக்கொண்டே பிடித்தார். சேர்மன் வலைக்குள் புகுந்த வேகத்தில் அவர் தலைகுப்புற விழுந்தார். எழுந்தபோது காதில் ஒரு களை தொங்கியது. அந்த வாரம் முழுக்க வாரியும் தப்பியிருந்த ஒரே களை அதுதான்.

மனைவி துறையிலிருந்து குனிந்து, வலைக்குள்ளிருந்த சேர்மனை இரண்டு கையாலும் மேலே தூக்கினாள். "இங்க பாருங்க, சிரிங்க," என்றார் சகலை. போன் கிளிக்கென்றது.

மனைவி முள்ளை மெல்லக் கழற்றி, சேர்மனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள். அது அவசரப்படாமல், பதவி பறிபோகாதவரின் நிதானத்தோடு, துறையடிக்குத் திரும்பிப் போனது. சகலைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தான் பிடித்ததெல்லாம் ஒரு மீனா, வெட்கமாக இருக்கிறது, முதல் வேலையாகத் தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றுங்கள் என்று அவரே மன்றாடினார். ஆக, கண்ணாடிக்கடைக்காரரின் கோரிக்கை அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. சேர்மன் கரையேறியது. போட்டோ எடுத்தாயிற்று. பல் சுவரை விட்டு இறங்கிவிட்டது.

மறுநாள் காலை அவர் தும்மிக்கொண்டே சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். எதிர்ச்சுவரில் புதுப் படம் இருந்தது; பழையதைவிடப் பெரிய சட்டம். நடுவில் மனைவி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், இரண்டு கையிலும் சேர்மனை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். சேர்மனும் சிரிப்பதுபோலத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு வலை, வலையைப் பிடித்த ஒரு கை, கைக்கு மேலே களை தொங்கும் ஒரு காது. காது யாருடையது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

அவர் ஜாமை அழுத்தித் தடவினார். ஆனாலும் மனசுக்குள் ஒரு நிறைவு இருந்தது. இடம் காட்டியது யார்? தான்தானே. ஏரியைத் தெளியவைத்தது யார்? அதுவும் தான்தான். தட்டு விஷயமும் யாருக்கும் தெரியாமல் சுத்தமாக முடிந்துவிட்டது. ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தபடி, நிமிர்ந்த நடையோடு கடைக்குக் கிளம்பினார்.

வாசலில் மனைவி ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"வரும்போது எனக்கு ஒரு டப்பா பழுப்பு பாலிஷ் வாங்கிட்டு வாங்க, அப்படியே கொஞ்சம் வெள்ளை பெயிண்டும் வாங்கிக்குங்க, இருந்ததெல்லாம் ரெண்டு வெள்ளிக்கிழமையிலயும் தட்டுக்கே சரியாப்போச்சு."